கனகமணி அக்காவின் சந்தேக நோட்டில் மூடாத ஒரு வரி

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் தூங்கியிருப்பீர்கள். காலையில் எழுதலாம் என்றுதான் படுத்தேன். முடியவில்லை. நீங்கள் எழுந்து கைபேசியைத் திறக்கும்போது இது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று தோன்றியது.

அக்காவைப் பற்றி இந்த வாட்ஸ்அப் குழுவில் எழுதச் சொல்லி நேற்றிலிருந்து பலர் கேட்டீர்கள். எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை அக்காவின் மருந்துக்கடையிலிருந்து ஒருவர் மூட்டு வலிக்கான மாத்திரை வாங்கிப் போனார். வாரத்துக்கு ஒன்று மட்டும் போட வேண்டிய மாத்திரை. அவர் அதைத் தினமும் போட்டுக்கொண்டிருக்கலாம். கவரில் தப்பாகக் குறித்துக் கொடுத்தது நான். நேற்றே இதைப் பற்றி நான்கு வரி போட்டேன். அடுத்தடுத்து வந்த அஞ்சலிப் படங்களுக்கு அடியில் அது போய்விட்டது. இரண்டு பேர் அதற்கும் கைகூப்பும் படம் போட்டிருந்தீர்கள். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். அக்காவைப் பற்றி என்றால் கடைசி வரை படிப்பீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். என் மகள் யாழினிக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு இரண்டே கால் வயது. ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கடைக்குப் பக்கத்து பேக்கரிக்காரர் அழைத்தார்.

“ஏனுங்க, மெடிக்கல் அம்மணி பாதி ஷட்டரத் தூக்கிப்போட்டு அப்படியே படியில உக்காந்திருக்கறாங்க. கூப்பிட்டாப் பேச மாட்டீங்கறாங்க. நீங்க சித்த வர்றீங்களா?”

நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. “டீ குடிச்சாங்களா?” என்று கேட்டேன். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார், மயக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். பேக்கரிக்காரர், “வாய் ஒரு பக்கமாப் போயிருச்சுங்க” என்றார்.

குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். கையில் இட்லி ஒட்டியிருந்ததை மருத்துவமனையில்தான் பார்த்தேன். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது. முந்தின நாள் மாலை என்னிடம் சண்டை போட்டவர். அந்தச் சண்டைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை சொல்லிக்கொள்ளலாம் என்று ஓர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

இதை நீங்கள் மற்றவர்களுக்கும் அனுப்பப்போகிறீர்கள். அனுப்ப வேண்டும். ஆகவே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கனகமணி அக்கா கோவையில், கணபதி பகுதியில் பதினாறு வருடம் மருந்துக்கடை நடத்தினார். படித்துப் பதிவு செய்த பார்மசிஸ்ட். சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு ஆளை வேறெங்கோ வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். இங்கே சான்றிதழுக்கு அடியில் ஆளும் இருந்தார். காலை ஒன்பதிலிருந்து பொழுது சாயும் வரை, மூக்கில் இறங்கி நிற்கும் கண்ணாடியோடு.

நான் முதலில் அவரிடம் போனது மருந்து வாங்கத்தான். யாழினிக்கு அப்போது எட்டு மாதம். காய்ச்சல். சீட்டில் காய்ச்சல் மருந்தின் பெயரும், ஒரு வேளைக்கு நான்கு மில்லி என்றும் இருந்தது. அக்கா சீட்டைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“கண்ணு, பாப்பா எத்தனை கிலோ?”

“எட்டுங்க.”

“சித்த இரு.”

டாக்டரையே போனில் பிடித்தார். “சார், கணபதியில இருந்து மெடிக்கல் கனகமணிங்க. ஒரு சந்தேகமுங்க. எட்டுக் கிலோக் கொழந்தைக்கு டிராப்ஸ்னு எழுதியிருக்குது, அளவு நாலு மில்லின்னு போட்டிருக்குது. சிரப்பா இருக்கோணுமோன்னு நெனச்சேன். நீங்க சொல்லுங்க.” அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். “சரிங்க சார். மாத்திக் குடுத்தர்றேனுங்க. நெம்ப நன்றிங்க.”

சொட்டு மருந்தில் அதே மருந்து நான்கு மடங்கு கெட்டியாக இருக்கும். சிரப்புக்கான அளவை எழுதி, பெயரை மட்டும் சொட்டு மருந்து என்று எழுதியிருந்தார்கள். கூட்டமான நேரத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான். எனக்கு அழுகை வந்ததற்குக் காரணம் வேறு. நானும் பி.பார்ம் படித்தவள். அந்தச் சீட்டை ஆட்டோவில் வரும் வழியில் மூன்று முறை படித்திருந்தேன். என் கண்ணில் படவில்லை. அதை அழுதுகொண்டே அவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். “சொந்தக் கொழந்தைக்குக் காய்ச்சல்னா படிச்சதெல்லாம் மறந்துபோயிரும். அடுத்தவிங்க கொழந்தைன்னா தன்னால ஞாபகம் வரும். பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகட்டும். அப்பறம் காலையில பத்து மணிக்கு வா, அம்மணி. எனக்கும் ஒரு ஜோடிக் கண்ணு சேத்தி வேணும்.”

அப்படித்தான் அவரோடு சேர்ந்தேன். போன முதல் நாளே சந்தேக நோட்டைக் காட்டினார்.

நீளமான கணக்கு நோட்டு. அதில் கணக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தைக் குறுக்கே திருப்பி ஏழு கட்டம் போட்டிருந்தார். நாள், யார், மருந்து, என்ன சந்தேகம், யாரிடம் கேட்டோம், என்ன முடிவு. ஏழாவது கட்டத்துக்கு ‘வீட்டில்’ என்று மட்டும் தலைப்பு. ஒரு சீட்டில் அளவு இடித்தாலோ, இரண்டு மருந்து ஒன்றோடொன்று சேராது என்று பட்டாலோ, கையெழுத்து புரியாவிட்டாலோ உடனே அங்கே ஒரு வரி. டாக்டரிடம் கேட்டு ஆறு கட்டமும் நிரம்பிவிடும். ஆனால் ஏழாவது நிரம்பினால்தான் பச்சை மையில் டிக். மருந்து சாப்பிடுகிறவர், அல்லது ஊட்டுகிறவர், தன் வாயால் சொன்னதை, சொன்னபடியே அதில் எழுத வேண்டும். “நல்லாருக்காங்க” என்று நாமாக எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஏன் அதற்குத் தப்பு நோட்டு என்று பெயர் வைக்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன். “தப்புன்னு சொன்னா டாக்டர் போனை வெச்சுருவாரு. சந்தேகம்னு சொன்னாச் சீட்ட எடுத்துப் பாப்பாரு. நமக்கு வேண்டியது அவரு பாக்கறதுதான?” என்றார்.

லேத் பட்டறை வைத்திருக்கும் ஆறுமுகம் அண்ணன் இந்தக் குழுவிலேயே இருக்கிறார். எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். எழுந்தால் தலை சுற்றுகிறது, அதற்கு ஒரு மாத்திரை வேண்டும் என்று வந்தார். அக்கா மாத்திரை கொடுக்கவில்லை. வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்தார். இரண்டு டாக்டர்கள், இரண்டு சீட்டு, இரண்டு பெயரில் ரத்த அழுத்த மாத்திரை. உள்ளே இருந்தது ஒரே மருந்து.

“ஏனுங்கண்ணா, இது ரெண்டையுமா போடறீங்க?”

“ஆமாங்க. அவரு குடுத்தத அவருக்காகவும், இவரு குடுத்தத இவருக்காகவும். ரெண்டு பேருக்கும் மரியாதை குடுக்கோணுமில்லீங்க?”

“மரியாதைக்கு அவிங்களுக்குப் பொங்கலுக்குக் கரும்பு குடுங்க. மாத்திரை ஒண்ணுதான். சட்டை மாத்திப் போட்டுட்டு வந்திருக்குது, உங்களுக்கு அடையாளந் தெரியல.”

இரண்டு டாக்டர்களிடமும் பேசி ஒன்றை நிறுத்தினார். ஆறு கட்டமும் நிரம்பிவிட்டன. மூன்றாம் நாள் மதியம் என்னைக் கடையில் விட்டுவிட்டு வெயிலில் பட்டறைக்கே நடந்து போனார். திரும்பி வந்து ஏழாவது கட்டத்தில் எழுதியதை நான் இப்போது நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன்: “இப்பச் சுத்தறது லேத்து மட்டுந்தானுங்க.” பக்கத்தில் பச்சை டிக்.

எல்லோரும் இப்படிச் சிரித்துக்கொண்டு போனதாக நினைக்காதீர்கள். அவரால் எரிச்சலடைந்து வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. இந்தக் குழுவிலேயே இருப்பீர்கள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு அவர் மறுத்ததற்கு, “நாலு கடை தள்ளிப் போனாக் கேக்காமயே குடுக்கறாங்க” என்று சத்தம் போட்டவரை எனக்குத் தெரியும். அக்கா, “அந்தக் கடைக்கே போங்க. ஆனா அவிங்க கேக்கலீன்னா நீங்களாச்சும் அவிங்ககிட்டக் கேளுங்க, இது எதுக்குன்னு” என்றார். அவர் திரும்பி வரவே இல்லை. நேற்று அடக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றிருந்தார்.

என்னிடமும் கடுமையாகத்தான் இருந்தார். போன வருடம் ஒரு குழந்தைக்குத் தூளாக இருக்கும் ஆன்டிபயாடிக் பாட்டில் கொடுத்தோம். தண்ணீர் ஊற்றிக் குலுக்க வேண்டியது. அளவில் ஒரு சந்தேகம் இருந்ததால் நோட்டில் வரி ஏறியது. டாக்டர் சரி சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் குழந்தையின் அப்பா கடைப்பக்கம் வந்தார். “எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டேன். “பரவால்லீங்க” என்றார். நான் ஏழாவது கட்டத்தில் ‘பரவாயில்லை’ என்று எழுதி டிக் போட்டுவிட்டேன்.

அக்கா அதைப் பார்த்தார். “மருந்து ஊட்டறது இவரா?” என்று கேட்டுவிட்டு குழந்தையின் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“மருந்துங்களா? பாட்டலத் தெறந்தா உள்ள வெறும் தூளாத்தான் இருந்துச்சுங்க. கெட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னு எடுத்து ஓரமா வெச்சுப்போட்டேன். காய்ச்சலு விட்டு விட்டு வருதுங்க.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைத் திட்டவில்லை. என் டிக்கின் மேல் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். “யாரு சொன்னது?” என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் நான் ஒரு வரியையும் அப்படி மூடவில்லை. போன சனிக்கிழமை வரை.

சனிக்கிழமை மதியம். அக்கா சாப்பிடப் போயிருந்தார். யாழினிக்குச் சளி, காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை என்று மாமியார் இரண்டு முறை அழைத்துவிட்டார். மூன்றாவது அழைப்பு வந்துகொண்டிருக்கும்போது அவர் வந்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைத் துண்டு. கை விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது; சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுக்கவே சிரமப்பட்டார். சூலூரில் தறி ஓட்டுவதாகச் சொன்னார். சீட்டில் மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒரு முறை என்று டாக்டர் தெளிவாகவே எழுதியிருந்தார். டாக்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இந்த மாத்திரையை அக்கா எப்படிக் கொடுப்பார் என்பது எனக்குத் தெரியும். அட்டையிலிருந்து நான்கு மாத்திரையை மட்டும் வெட்டி எடுப்பார். ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனிக் கவரில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தேதியும் கிழமையும் எழுதுவார். நான்குக்கு மேல் தர மாட்டார். ஏனென்றால் நம் கவரில் அச்சடித்திருப்பது மூன்றே கட்டம்: காலை, மதியம், இரவு. வாரத்துக்கு என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. எந்தக் கடைக் கவரிலும் கிடையாது.

“முழு அட்டையாவே குடுத்துருங்க அம்மணி. கையி இப்படி இருக்கறப்ப அடிக்கடி வர முடியறதில்லீங்க” என்றார் அவர்.

போன் அடித்துக்கொண்டிருந்தது. பத்து மாத்திரை அட்டையை அப்படியே ஒரே கவரில் போட்டேன். கைப் பழக்கத்தில் இரவு என்ற கட்டத்தில் ஒரு டிக். “வாரத்துக்கு ஒண்ணுதானுங்க” என்று வாயால் சொன்னேன். தலையாட்டினார். போன் நம்பர் கேட்டேன். “சீட்டுலயே இருக்குமுங்க” என்றார். நானும் சரிபார்க்கவில்லை. அவர் போன பிறகு, வார மாத்திரை எல்லாம் நோட்டில் ஏற வேண்டும் என்ற விதிப்படி ஒரு வரி எழுதினேன். ஏழாவது கட்டத்தில் ‘சொல்லியாச்சு’ என்று எழுதி, டிக் போட்டு, மாமியாரைத் திரும்ப அழைத்தேன். யாழினி தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டாளாம். அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை மாலை அக்கா நோட்டைப் புரட்டினார்.

“சொன்னது நீ. ஊட்டுல என்ன நடக்குதுன்னு சொன்னது யாரு?”

அந்த வரியில் விரலை வைத்தபடியே அடுத்ததைக் கேட்டார்.

“கவரு எப்படி எழுதின?”

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“ஏன் அம்மணி, ஊட்டுக்குப் போயி மாத்திரையக் கையில எடுக்கறப்ப அவரு எதைப் பாப்பாரு? உன்ற வாயையா, கவரையா?”

“வாரம்னு சொன்னேங்கா. தலையாட்டினாரு...”

“எல்லாருந்தான் தலையாட்டுவாங்க! நானுந்தான் டாக்டர் முன்னால போனா ஆட்டுவேன். தலையாட்டறது ஒரு பதிலா? பத்து மாத்திரையத் தினமும் போட்டா என்னாகும்னு நீ படிச்சியா இல்லியா?”

படித்திருக்கிறேன். வாயெல்லாம் புண்ணாகும். ரத்தத்தில் அணுக்கள் இறங்கிவிடும். பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சல் போதும்.

அக்கா உடனே சீட்டு எழுதிய டாக்டரின் கிளினிக்குக்குப் பேசினார். அவர்களின் பதிவேட்டில் பழனிச்சாமி, சூலூர் என்ற பெயரும் ஒரு எண்ணும் இருந்தன. எண் அணைந்திருந்தது. டாக்டரும் பதறிவிட்டார், எப்படியாவது ஆளைப் பிடித்து மாத்திரையை நிறுத்தி உடனே அனுப்புங்கள் என்றார். “நாளைக்குக் கடையத் தெறந்து உன்னை உக்கார வெச்சுப்போட்டு நான் சூலூருக்குப் போறேன்” என்றார் அக்கா. நான் அழுதேன். ஷட்டரை இறக்கும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “பயப்படறது நல்லதுதான் கண்ணு. எனக்கும் பதினாறு வருசமா ஒவ்வொரு சீட்டுக்கும் பயந்தான். ஆனா பயத்த ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போனா உடம்புதான் கெடும். அதுக்கு ஒரு வேலை குடு.”

எனக்குக் கோபம். சரி என்றுகூடச் சொல்லாமல் ஆட்டோவில் ஏறினேன்.

மறுநாள் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அக்காவின் கைப்பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே டிபன் டப்பா, கண்ணாடி, மடித்த ஒரு காகிதம். காந்திபுரத்தில் எந்தப் பேருந்து, சூலூரில் எங்கே இறங்குவது, தறிக்கூடங்கள் எந்தப் பக்கம், யாரிடம் விசாரிப்பது என்று வரிசையாக எழுதியிருந்தார். ஐந்து வரிகள். நடைபாதையில் நின்று படித்தேன். உள்ளே அவருக்கு மூச்சுக் குழாய் போட்டிருந்தார்கள். படித்த வரிகள் மண்டைக்குள் போகவே இல்லை. மாலையில்தான் கிளினிக்குக்கு மறுபடி அழைத்தேன். பழனிச்சாமியின் எண் அப்போதும் அணைந்திருந்தது.

நேற்று அடக்கம். நோட்டு என்னிடம் இருக்கட்டுமா என்று அக்காவின் கணவரிடம் கேட்டேன். அவருக்கு நான் யார் என்று புரியவே சிறிது நேரமானது. பிறகு, “ராத்திரியெல்லாம் அந்தச் சூலூர்க்காரரப் பத்தித்தான் பேசிட்டிருந்தா. அவரு கெடச்சாரா கண்ணு?” என்று கேட்டார். மனைவியைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் நின்றுகொண்டிருந்தபோது அவர் கேட்டது இதை. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை நானும் என் கணவரும் வண்டியில் சூலூர் போனோம். இறங்கியதும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்க அக்காவின் எண்ணையே அழைத்துவிட்டேன். மூன்று முறை மணி அடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. அதற்குள் அவர் மகள் எடுத்துவிட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள் பாப்பா, நீயும் இதைப் படிப்பாய்.

தறிச் சத்தத்தில் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டியிருந்தது. “எந்தப் பழனிச்சாமிங்க? இந்த ஒரு செட்டுலயே மூணு பேரு இருக்கறோம், எங்கள்ல யாரு வேணும், பாத்து எடுத்துக்குங்க” என்று ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று கண்டதும் தறியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஏழாவது தறிக்கூடத்தில் அதை நடத்தும் அம்மாவுக்கு ஆளைத் தெரிந்திருந்தது.

“விரலு வீங்கியிருக்குமே, அவருங்களா? அறுந்த நூலப் புடிச்சு முடிச்சுப் போட முடிய மாட்டீங்குதுன்னு லீவு சொல்லிட்டுப் போனாருங்க. மக ஊட்டுல பத்து நாள் இருந்து பாத்துட்டு வாரேன்னாரு.”

“மக ஊடு எங்கீங்க?”

“கணபதீல.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். “போனு தண்ணித் தொட்டியில உளுந்துபோச்சுன்னு சொன்னாருங்க. மக பேரு தெரியலீங்க, சின்னவ சின்னவன்னுதான் சொல்லுவாரு. மருமகன் பம்பு கம்பெனியில வேல. ரெண்டு பேத்திக.”

சூலூரிலிருந்து ஒருவர் நம் கடைக்கு ஏன் வந்தார் என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நம் கடைக்கு அவர் நடந்து வந்திருக்கிறார். அக்கா பேருந்து வழியை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டிருந்த அந்த இரவு, அவர் நமக்கு இரண்டு மூன்று தெரு தள்ளி, ஒருவேளை கவரைப் பார்த்து, இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்திருப்பார். கவரில் இருக்கிறபடி போட்டிருந்தால் இன்றோடு ஆறு. நான் வாயால் சொன்னது நினைவிருந்தால் ஒன்றுதான். எது என்று எனக்குத் தெரியாது. இன்று பொழுது சாயும் வரை நாங்கள் எட்டுத் தெருக்களில் வீடு வீடாகக் கேட்டோம். கிடைக்கவில்லை. டாக்டருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லியிருக்கிறேன்.

அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று எழுத வேண்டும் அல்லவா? அவருடைய அன்பு, பொறுமை என்றெல்லாம் எழுத வருகிறது. பொறுமை அவருக்கு அவ்வளவு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தை. பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தூங்குகிற குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். அது ஒரு நோய் என்று நினைத்திருந்தேன். அக்கா தன் பயத்தைக் காலையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தார், போன் போட்டார், ஐந்து வரி எழுதி மடித்துப் பையில் வைத்தார். நானும் என்னுடையதை அப்படித்தான் எடுத்துக்கொண்டு நாளை காலை ஆறு மணிக்கு ஒன்பதாவது தெருவிலிருந்து தொடங்கப்போகிறேன். அவருக்காக அழுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது இது. பெயர் பழனிச்சாமி. சூலூர்க்காரர், மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மருமகனுக்குப் பம்பு கம்பெனியில் வேலை, வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். நம் கடையின் வெள்ளைக் கவர், உள்ளே மஞ்சள் நிறச் சின்ன மாத்திரைகள் உள்ள அட்டை. இவர் உங்கள் தெருவில், உங்கள் மாடியில், உங்களிடம் வாடகைக்கு இருப்பவர் வீட்டில் இருந்தால், இப்போதே கதவைத் தட்டுங்கள். அந்த மாத்திரையை இனி ஒன்றுகூடப் போட வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் கவரோடு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தினம் போட்டிருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தெரியாது என்றாலும் அதையும் எழுதுங்கள்: உங்கள் தெருவின் பெயரைப் போட்டு, கேட்டுப் பார்த்தோம், இல்லை என்று. அந்தத் தெருவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். கைகூப்பும் படம் வேண்டாம். நான் விழித்துத்தான் இருக்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.